பாட்டிலில் இருக்கும் பாசிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிகிறது?

கோத்தகிரி டீச்சர்:
பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பிள்ளைகள் அதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்தார்கள். காலையில் மூடுபனி இருந்தவரை ஜன்னல் பக்கக் கண்ணாடியில் பச்சைப் பட்டை, அப்புறம் பனி விலகி வெயில் நேராக விழுந்ததும் அத்தனையும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. நுண்ணோக்கியில் முட்டை வடிவ செல், முன்னால் இரண்டு கசையிழை (நீந்த உதவும் சாட்டை போன்ற இழை), பக்கவாட்டில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. கிளமிடோமோனாஸ் என்ற பாசிதானே? ஒரே செல், நரம்பு கிடையாது, எப்படித் திசை கண்டுபிடிக்கிறது?

ஊட்டி மாணவன்:
ஆமாம் டீச்சர், நீங்கள் சொல்லும் அடையாளம் அதற்குப் பொருந்துகிறது. அந்த ஆரஞ்சுப் புள்ளிதான் கண்புள்ளி. அதன் நிறம் கரோட்டினாய்டு, நம் ஊர் கேரட்டில் இருக்கும் அதே குடும்பம். ஆனால் ஒளியை உணர்வது அந்த நிறமி இல்லை, அதற்கு மேலே செல் சவ்வில் இருக்கும் சேனல்ரோடாப்சின் என்ற புரதம். அதற்குள் ரெட்டினால் இருக்கிறது, வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம், நம் விழித்திரையிலும் உண்டு. ஒளி பட்டதும் ரெட்டினால் வளையும், புரதத்தில் வழி திறக்கும், அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) உள்ளே பாயும். நம் கண்ணில் இதற்குப் பல புரதங்கள் வரிசையாகக் கைமாற்ற வேண்டும், இங்கே உணர்வதும் வழி திறப்பதும் ஒரே புரதம். 2002, 2003-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மூளை செல்களை ஒளியால் இயக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் துறையே இதை வைத்துத்தான் வளர்ந்தது.

திசை விஷயம் இன்னும் அழகு. செல் நீந்தும்போது விநாடிக்குச் சுமார் இரண்டு முறை தன்னைத் தானே சுற்றுகிறது. கரோட்டினாய்டு அடுக்கு பின்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் பக்கவாட்டில் ஒளி வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் புரதத்துக்கு வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று மாறி மாறி வரும். கால்சியம் உள்ளே போய் இரண்டு கசையிழைகளின் வீச்சை வேறுபடுத்தும், செல் திரும்பும். ஒளியை நேராகப் பார்த்து நீந்த ஆரம்பித்ததும் அந்த மாற்றம் நின்றுவிடும், திருப்பமும் நிற்கும். வெயில் கடுமையானால் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதாகும், அதனால் திருப்பம் தலைகீழாகி விலகி ஓடுகிறது.

கொடைக்கானல்வாசி:
ஒரு செல் உயிர்கள் எல்லாம் இப்படித்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. உப்பளத்தைச் சிவப்பாக்கும் ஹாலோபாக்டீரியம் (பெயரில் பாக்டீரியா இருந்தாலும் அது ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர்ப் பிரிவு) ரெட்டினால் புரதத்தைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அதன் உணர் ரோடாப்சினில் அயனி வழி கிடையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைப் புரதத்தைத் தட்டிவிடும், அது சீஏ (CheA) என்ற நொதியின் வேகத்தை மாற்றும், அந்த நொதி சீவை (CheY) என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் கொடுக்கும், சீவை போய்க் கசையிழை மோட்டாரைத் திருப்பும். ஆரஞ்சு ஒளிக்கு நெருங்கும், நீல ஒளிக்கு விலகும்.

கோத்தகிரி டீச்சர்:
சரி, வகுப்பிலேயே இதைச் சோதித்துக் காட்ட வழி உண்டா?

ஊட்டி மாணவன்:
உண்டு. பாட்டிலைக் கருப்புத் தாளால் சுற்றி ஒரு பக்கம் சிறு ஓட்டை விடுங்கள். ஒரு முறை நீல செலோபேன், ஒரு முறை சிவப்பு. சேனல்ரோடாப்சின் நீலம், பச்சைக்குத்தான் திறக்கும், சிவப்புக்குப் பட்டை விழக் கூடாது. வெயிலில் வேண்டாம், மங்கிய டார்ச் போதும்.