புதுப்பிப்பு: அப்பாவின் கல் சிறுநீரகத்தில் இல்லை

அப்பாவுக்குச் சிறுநீர் விட்டுவிட்டு வருவதையும், கடைசியில் இரத்தம் கலந்து வருவதையும் சொல்லி, சிறுநீரகக் கல்லாகத்தான் இருக்கும் என்று சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். அந்த ஊகம் தவறு என்பது ஸ்கேனில் தெரிந்துவிட்டது.

சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன: கல்லீரலுக்கு இடம்விட்டுச் சற்றே தாழ்ந்திருக்கும் வலப்பக்கத்தது 10 செ.மீ., இடப்பக்கத்தது 10.4 செ.மீ.; எதிலும் வீக்கமில்லை. கல் இருப்பது சிறுநீர்ப்பையில். புராஸ்டேட் சுரப்பி பருத்து, பையிலிருந்து வெளியேறும் குழாயை நெருக்குவதால் சிறுநீர் முழுவதும் வடியாமல் தேங்கி, அதிலுள்ள உப்புகள் படிந்து 18 மி.மீ. கல்லாகியிருக்கிறது. கழித்துவிட்டு வந்த பிறகும் உள்ளே 160 மி.லி. மிச்சம் என்று அறிக்கையில் ஒரு வரி; மருத்துவர் பேனாவால் அடிக்கோடிட்டது அதைத்தான், கல்லின் அளவை அல்ல. அடைப்பை நீக்காமல் கல்லை மட்டும் எடுத்தால் அது மறுபடியும் உருவாகலாம், தேங்கிய நீரில் கிருமித்தொற்றும் எளிதில் வரும் என்றார்.

வாழைத்தண்டுச் சாற்றைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. அப்பா இரண்டு வாரம் விடாமல் குடித்தார், கல் அசையவில்லை.

சிறுநீர்ப்பாதை வழியாகவே கருவியைச் செலுத்திக் கல்லை லேசரால் உடைத்து, அதே மயக்கத்தில் புராஸ்டேட்டின் உள்பகுதியையும் செதுக்கி எடுப்பதாகத் திட்டம். இரத்தம் வந்ததால், பைக்குள் கட்டி ஏதும் இருக்கிறதா என்பதையும் அப்போதே உள்நோக்கியால் பார்த்துவிடுவார்கள். அறுவைச் சிகிச்சை அடுத்த வியாழக்கிழமை.