கொடைக்கானல்: டால்பின் நோஸ் போய்வர நாற்பது நிமிஷமாம்!

மலைப்பூண்டு:
எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஒரு பயணத் திட்டம் சுத்திக்கிட்டு இருக்கு. எழுதினது நம்ம ரோடுராஜாதான், போன மாசம் இங்க போட்டது. படிக்காதவங்களுக்காகச் சுருக்கமா: "கொடைக்கானலுக்கு ஒரு நாளே ஜாஸ்தி. காலையில் கோக்கர்ஸ் வாக். அப்புறம் டால்பின் நோஸ் மலையேற்றம், போய்வர 40 நிமிடம். மதியம் குணா குகை, தூண் பாறை, பைன் காடு. சாயங்காலம் ஏரி. இருட்டுறதுக்குள்ள இறங்கிடலாம். சாப்பாடு உருப்படியா எதுவும் கிடைக்காது, திண்டுக்கல்லிலேயே பிரியாணி கட்டிக்கோங்க."

நான் இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவ. மத்ததைக்கூட விட்டுடுறேன். டால்பின் நோஸ்ங்கிறது பள்ளத்துக்கு மேல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிற பாறை. அதுக்குப் போய்வர அந்த நாற்பது நிமிஷம் எங்கிருந்து வந்துச்சு? எங்க சித்தப்பாவுக்கு 62 வயசு, சர்க்கரை இருக்கு. "நாற்பது நிமிஷம்தானே"ன்னு நம்பி, சித்தியையும் கூட்டிக்கிட்டு, கையில ஒரு பிஸ்கட்கூட இல்லாம இறங்கிட்டார். திரும்பி மேல வந்து சேர ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சு. பாதி ஏத்தத்துல எலுமிச்சை டீ விக்கிற அம்மா பார்த்துட்டு, தன்னோட ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சு, சர்க்கரை தூக்கலா ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்காங்க. அந்த அம்மா இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?

ரோடுராஜா:
போனேன், வந்தேன், கடிகாரத்தைப் பார்த்துத்தானுங்க எழுதினேன். நாற்பது நிமிஷம். மலையேற்றம்னு தெளிவா போட்டிருக்கேன், படிச்சுட்டுத்தானே கிளம்பணும்? ஏரியைச் சுத்தி 5 கி.மீ. அதை யார் வேணாலும் ஒரு மணி நேரத்துல நடக்கிறாங்க. டால்பின் நோஸ் ஒரு பக்கம் ஒண்ணரை கி.மீ.ன்னே வைங்க. போக வர மூணு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

மலைப்பூண்டு:
அடேங்கப்பா, கணக்கு! ஏரி 1863-ல லெவிஞ்ச் துரை ஓடையை மறிச்சு உண்டாக்கினது. கரை முழுக்கத் தார் ரோடு. சோளத்தைக் கொறிச்சுக்கிட்டே நடக்கலாம். டால்பின் நோஸ் வழி அப்படியா இருக்கு? போறப்ப முழுக்க இறக்கம். ஏறி இறங்குற கால் பட்டுப் பட்டு மர வேரெல்லாம் பழைய வீட்டு வாசப்படி மாதிரி மழமழன்னு கிடக்கு. வேருக்கு நடுவுல சரளை மண்ணு. மஞ்சு இறங்கி நனைஞ்சிருந்தா காலை எங்க வச்சாலும் வழுக்கும். வரப்ப அத்தனையும் ஏத்தம். கிணத்துல இறங்குறதுக்கும் ஏறுறதுக்கும் ஏரிக்கரை வேகத்தைப் போட்டுக் கணக்குப் பார்க்குறதை எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்க?

நளாயினி மதுரை:
அக்கா சொல்றது சத்தியம். நாங்க மே மாசம் போனோம். மாமியாருக்கு அந்த வேர்ல கால் வச்சதுமே செருப்பு வாரு அறுந்துபோச்சு. மிச்ச வழி முழுக்க என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு வெறுங்காலோட நடந்தாங்க. ஒண்ணே முக்கால் மணி நேரம்.

ரோடுராஜா:
ஹவாய் செருப்பு போட்டுக்கிட்டு மலையில இறங்கினா அது மலையோட குத்தமுங்களா? என் பையனுக்கு 12 வயசு, அவனும் என் கூடத்தான் வந்தான். நாற்பது நிமிஷம்.

வழிப்போக்கன்:
ஒரு சந்தேகம். ரெண்டு பேரும் நேரத்தை எங்கிருந்து எண்ணுறீங்க? பாம்பார் பக்கம் வண்டி நிக்கிற இடத்துல இருந்தா, மண் பாதை ஆரம்பிக்கிற இடத்துல இருந்தா? பாறையில உக்கார்ற நேரமும் சேர்த்தியா? இதைச் சொல்லிட்டா பாதிச் சண்டை முடிஞ்சிடும்.

மலைப்பூண்டு:
எங்கிருந்து எண்ணினாலும் நாற்பது நிமிஷம் வராது.

ரோடுராஜா:
எப்படி எண்ணினாலும் நாற்பதுதானுங்க.

சோறு முக்கியம்:
எனக்கு டால்பினும் வேணாம், மூக்கும் வேணாம். "உருப்படியா எதுவும் கிடைக்காது"ன்னு எழுதினதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. வத்தலக்குண்டு வழியா ஏறுறப்பவே பண்ணைக்காடு பிரிவுல மலை வாழைப்பழம் தொங்கும். தோல் கறுத்திருக்கும், உரிச்சா வாசனை வண்டி முழுக்க நிக்கும். விருப்பாட்சி, சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. சீசன்ல பிளம்ஸ், பேரிக்காய். பி.டி. ரோட்டுல திபெத்தியர் கடையில துக்பான்னு நூடுல்ஸ் சூப். ஏழு டிகிரி குளிர்ல அந்தச் சூப்பைக் கிண்ணத்தோட தூக்கிக் குடிச்சவன் சாப்பாடு இல்லேன்னு சொல்ல மாட்டான். வட்டக்கானல்ல இஸ்ரேல்காரங்க வந்து வந்து, டீக்கடையிலகூட கொண்டைக்கடலையை அரைச்சு ஹம்முஸ் போடக் கத்துக்கிட்டாங்க.

மலைப்பூண்டு:
துக்பா, ஹம்முஸ்னு வெளியூர்ப் பேரா அடுக்குறீங்களே, எங்க மலைக் கிராமம் பூம்பாறையில விளையுற பூண்டு எங்க போச்சு? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஒரு பல்லு உரிச்சாப் போதும், கை மறுநாள் வரைக்கும் மணக்கும். எங்கம்மா அதை வெறும் நல்லெண்ணெய்ல வதக்கி, புளியைக் கம்மியாக் கரைச்சு ஊத்திக் குழம்பு வைப்பாங்க. சுடுசோத்துல அந்தக் குழம்பைத் தின்னவங்க கீழேயிருந்து பிரியாணி கட்டிட்டு வர மாட்டாங்க.

சோறு முக்கியம்:
அந்தக் குழம்பு எந்தக் கடையில கிடைக்கும்னு சொல்லுங்க, நாளைக்கே கிளம்புறேன். உங்க வீட்டுல கிடைக்கிறதை ஊர்ல கிடைக்குதுன்னு எழுதினா எப்படி? பூம்பாறையில நான் தேடி அலைஞ்சேன். பூண்டு விக்கிறாங்க, பூண்டுக் குழம்பு விக்கல. நீங்க பேரைப் பூண்டுன்னு வச்சுக்கிட்டதால துக்பா மட்டம் ஆயிடாது.

மலைப்பூண்டு:
என் பேரை எதுக்கு இழுக்குறீங்க? மட்டம்னு நான் சொல்லவே இல்ல. எங்க தெருவுலயே திபெத்தியக் குடும்பம் இருக்கு, அவங்க பிள்ளைங்களும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. பிரச்சினை சாப்பாடு இல்ல, அந்த நாற்பது நிமிஷம். ரோடுராஜா அதை மாத்தி எழுதுற வரைக்கும் நான் விடப்போறதில்ல.

ஊட்டிக்காரன்:
எங்க ஊட்டித் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கொடைக்கானல் ஊரே 2,100 சொச்சம்தான். இதுக்கு இவ்வளவு அமர்க்களமா? எங்க ஊர் ரயில்ல ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்து வாங்க, யாருக்கும் மூச்சு வாங்காது.

மலைப்பூண்டு:
தொட்டபெட்டா உச்சி வரைக்கும் கார்லயே போய் இறங்குறவங்க நடையைப் பத்திப் பேச வரவேண்டாம்.

ஊட்டிக்காரன்:
பைன் காட்டைக் காசு கொடுத்துப் பார்க்குற ஊர்க்காரங்க எங்களுக்குப் புத்தி சொல்லவும் வேண்டாம்.

மலைப்பூண்டு:
பைன் காடு நட்டு வளர்த்தது, எங்க காடு இல்ல. எங்க காடு சோலைக் காடு, வட்டக்கானல் பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. உங்க ஊர்லயும் வெளிநாட்டு மரமான சீகையும் யூக்கலிப்டஸும் சோலையைத் தின்ன கதை எங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கலாம். இப்ப நாற்பது நிமிஷம்.

ரோடுராஜா:
இவங்களுக்கு என் மேல பழைய கோவமுங்க. மூணாறு பத்தி எழுதினப்பவும் இப்படித்தான் விடாம நோண்டினாங்க. அதை மனசுல வச்சுக்கிட்டு இப்ப சித்தப்பாவை முன்னால நிறுத்துறாங்க.

மலைப்பூண்டு:
ஆமா, நல்லா ஞாபகம் இருக்கு. டாப் ஸ்டேஷன் கேரளான்னு எழுதினீங்க. அது தேனி மாவட்டம், தமிழ்நாடுன்னு சொன்னேன். மூணாறுல இருந்து போறதால கேரளாதான்னு அடம் பிடிச்சீங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த வரியைத் திருத்தல. பேரிஜம் ஏரி வழியா டாப் ஸ்டேஷனுக்கு இங்கிருந்தே ஒரு காலத்துல ரோடு இருந்துச்சு, அதையாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? இடம் தெரியாது, தூரம் தெரியாது, ஆனா நிமிஷம் மட்டும் துல்லியமாத் தெரியும்.

கொக்குவில் பிள்ளை:
குறிஞ்சி ஆண்டவர் கோயிலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எங்கடை இலங்கைத் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்ரை மனைவி லீலாவதி அம்மையார் 1936இல் கட்டுவிச்ச கோயில். போன வருஷம் அம்மாவோட போனனாங்கள். பின்பக்கம் நிண்டு பார்க்கேக்கை பழனி மலை தெரிஞ்சுது. அம்மா அதிலையே நிண்டு கும்பிட்டவ. ரோடுராஜா அண்ணையின்ரை திட்டத்திலை அது இல்லவே இல்லை.

ரோடுராஜா:
மஞ்சு மூடினா அங்க பழனியும் தெரியாது, பக்கத்துல நிக்கிறவரும் தெரியாதுங்க. குறிஞ்சி பூக்குறதும் 12 வருஷத்துக்கு ஒருக்கா. 2018-ல பூத்தது, இனி 2030. அதனாலதான் விட்டேன்.

கொக்குவில் பிள்ளை:
கோயிலுக்குப் போறது பூப் பார்க்கவோ அண்ணை?

நளாயினி மதுரை:
ஒரு நாள் கணக்கே எனக்குப் புரியல. இ-பாஸ் எடுத்து, வெள்ளி அருவி தாண்டி வரிசையில நின்னு ஊருக்குள்ள நுழையவே எங்களுக்குப் பதினோரு மணி. இதுல எல்லாத்தையும் பார்த்து இருட்டுறதுக்குள்ள இறங்கணுமாம். மன்னவனூர் புல்வெளிக்குப் போக மட்டுமே அரை நாள் வேணும்.

ரோடுராஜா:
மே மாசம் போனா அப்படித்தானுங்க. நான் ஆகஸ்ட்ல, செவ்வாய்க்கிழமை, காலையில ஆறே முக்காலுக்கு இறங்க ஆரம்பிச்சேன். பாறையில ஒரு ஈ காக்கா இல்ல. கூட்டத்துல போய் மாட்டிக்கிட்டு என்னைத் திட்டினா நான் என்ன பண்றது?

மலைப்பூண்டு:
ஆறே முக்கால், செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட். இதுல எதையாவது அந்தத் திட்டத்துல எழுதினீங்களா? "40 நிமிடம்"னு மொட்டையா எழுதினா படிக்கிறவங்க எல்லாரும் உங்களையும் உங்க பையனையும் மாதிரின்னு நெனச்சீங்களா?

இதை நான் ஏன் பிடிச்சுத் தொங்குறேன்னா, மலையில நேரம் தப்பினா எல்லாமே தப்பும். மூணு மணிக்கு மேல மஞ்சு ஏறிடுச்சுன்னா அந்தப் பாறையோட விளிம்பு எதுன்னே தெரியாது. கீழ அதல பாதாளம். "நாற்பது நிமிஷம்தானே"ன்னு நாலரைக்கு இறங்குறவங்களை நானே கண்ணால பார்த்திருக்கேன். அதே வழி இன்னும் கீழ இறங்கி வெள்ளகவி போகுது. ரோடு இல்லாத ஊரு. குதிரை மேலதான் அரிசி மூட்டை போகும், ஊருக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க. அங்கேயும் சிலர் "இன்னும் கொஞ்ச தூரம்தானே"ன்னு வழிகாட்டி இல்லாம, அனுமதி வாங்காம இறங்குறாங்க. 2018 மார்ச் 11 தேனி பக்கம் குரங்கணியில என்ன நடந்துச்சு? மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல காட்டுத் தீயில போயிட்டாங்க. அது தீ, இது வேறன்னு சொல்லுவீங்க. மலையை லேசா நெனச்சா எப்படி வேணாலும் வரும்.

ரோடுராஜா:
குரங்கணியையும் என் நாற்பது நிமிஷத்தையும் ஒண்ணாக் கட்டுறது நியாயமுங்களா? அன்னிக்கு நானும்தான் டிவி முன்னால உக்காந்து அழுதேன். எத்தனை மலை ஏறியிருக்கேன், ஒரு தடவைகூட அனுமதி இல்லாம காட்டுக்குள்ள கால் வச்சதில்ல. அந்தப் பேச்சை வாபஸ் வாங்குங்க.

மலைப்பூண்டு:
நீங்க நாற்பதை வாபஸ் வாங்குங்க, நான் அதை வாங்குறேன்.

வழிப்போக்கன்:
மறுபடியும் கேக்குறேன். எங்கிருந்து எதுவரைக்கும்?

சோறு முக்கியம்:
பூண்டுக் குழம்புக்கும் இன்னும் பதில் வரல.

ஊட்டிக்காரன்:
ரயிலைப் பத்தியும் யாரும் வாயைத் திறக்கல.

ரோடுராஜா:
என் கைக்கடிகாரம் பொய் சொல்லாதுங்க. நாற்பது நிமிஷம். இதுக்கு மேல எனக்கு வேலை இருக்கு.

மலைப்பூண்டு:
வர்ற ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாம்பார் பாலத்துக்கிட்ட நிப்பேன். சித்தப்பாவும் வருவார், இந்தத் தடவை பிஸ்கட், தண்ணி, நல்ல ஷூ எல்லாத்தோடயும். உங்க கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு வாங்க ரோடுராஜா. அவர் பக்கத்துலயே நடந்து வந்து நாற்பது நிமிஷத்துல மேல சேர்த்துக் காட்டுங்க.

ரோடுராஜா:
ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்குமுங்க. செவ்வாய்க்கிழமைன்னா வர்றேன்.