ஹார்மன் ஃபீனிக்ஸ் 200: ஆரஞ்சு நிறம் இல்லாத நெகட்டிவ்

இல்ஃபோர்டு கருப்பு வெள்ளை பிலிம்களைத் தயாரித்துவரும் ஹார்மன் நிறுவனம், இங்கிலாந்தின் மாபர்லியில் உள்ள தன் ஆலையில் உருவாக்கிய முதல் வண்ண நெகட்டிவ் பிலிமை 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 என்ற பெயரில் வெளியிட்டது. கடைகளில் கிடைக்கும் வண்ண பிலிம்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவந்த நிலையில் இச்செய்தி எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. லிவர்பூலின் பழைய கப்பல்துறையான ராயல் ஆல்பர்ட் டாக்கில் அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். 1846இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கிடங்குகளும், அவற்றைத் தாங்கும் சிவப்பு வண்ணம் பூசிய வார்ப்பிரும்புத் தூண்களும், ஒரு பிலிம் சிவப்பை எப்படிப் பதிவு செய்கிறது என்பதை அறிய மிகவும் ஏற்றவை.

கழுவி வந்த நெகட்டிவில் வழக்கமான ஆரஞ்சு நிறம் இல்லை; லேசான ஊதாச் சாயலே இருந்தது. பிலிமில் உருவாகும் சயான், மெஜந்தா சாயங்கள் தமக்குரிய ஒளியோடு பிற நிற ஒளியையும் ஓரளவு உறிஞ்சிவிடுவதால், அந்தப் பிழையைச் சரிக்கட்டவே மற்ற வண்ண நெகட்டிவ்களில் ஆரஞ்சுப் படிவம் சேர்க்கப்படுகிறது. லேப் ஸ்கேனர்களும் அந்த ஆரஞ்சை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே லேபிலிருந்து வந்த ஸ்கேனில் வானம் பச்சை கலந்த நீலமாகவும், தூண்களுக்குப் பின்னுள்ள நிழல் வெறும் கருப்பாகவும் இருந்ததில் வியப்பில்லை. அதே நெகட்டிவை விளக்குப் பலகையில் வைத்து, ஒளிபடாத விளிம்பைக் கொண்டு ஒயிட் பேலன்ஸை (வண்ணச் சமநிலையை) அமைத்து, டிஜிட்டல் கேமராவால் படமெடுத்து மாற்றியபோது, செங்கல் செங்கலின் நிறத்திலேயே நின்றது; நிழலில் இருந்த சுண்ணச் சாந்துக் கோடுகளும் தெரிந்தன. முதல் ஸ்கேனைப் பார்த்துவிட்டு இந்த பிலிமை ஒதுக்கியவர்கள், தங்கள் நெகட்டிவ்களை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் எரிந்த விளக்குகளைச் சுற்றிச் செந்நிற ஒளிவட்டம் படர்ந்திருந்தது. பிலிமின் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, அடியிலுள்ள சிவப்பு உணரும் அடுக்கை மீண்டும் தாக்குவதே இதற்குக் காரணம். விளக்குகளுக்கு அது அழகு சேர்க்கிறது. வெளிர்ந்த வானத்தின் முன் நிற்கும் முகங்களுக்கு அதை நான் விரும்பவில்லை.

இந்த பிலிமின் கான்ட்ராஸ்ட், அதாவது ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு, மிக அதிகம் என்பதால், மேகமூட்டமான நாளில் எடுத்த படங்களே எனக்கு நிறைவளித்தன. வெயிலும் நிழலும் கலந்த இடங்களில் பிலிமின் ஒளியுணர்திறனான 200க்குப் பதிலாக ஒளி அளக்கும் மீட்டரை 160இல் வைத்து நிழலை அளப்பது நல்லது. 2025இல் வந்த ஃபீனிக்ஸ் II இந்தக் கடுமையைத் தணித்து, நுண்மையான கிரெயினோடு (படத்தில் தெரியும் துகள்களோடு) வந்திருக்கிறது; எனினும் விளக்கொளிப் படங்களுக்கு முதல் பிலிமையே இன்னும் தேடி வாங்குகிறேன்.