குக்கர் மூடி பறந்து கை வெந்ததற்கு வக்கீல் நோட்டீஸ்: விற்ற கடைக்காரன் என்ன செய்வது?

குடந்தை பாத்திரக்கடை
வணக்கம். கும்பகோணத்தில் சின்னதாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு 1,450 ரூபாய்க்கு விற்ற 5 லிட்டர் குக்கர், போன வாரம் பருப்பு வேகும்போது மூடி பறந்துவிட்டது. வாங்கிய அம்மாவுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. நேற்று ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் வந்தது. 15 நாளில் ஆறு லட்சம் கேட்கிறார்கள். கம்பெனி சரக்குதான், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் பில்லும் கையில் இருக்கிறது. இருபதாயிரமும் புதுக் குக்கர் ஒன்றும் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். முதலில் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்கிறாள் என் மனைவி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சேலம் மொத்த வியாபாரி
அண்ணே, அந்தத் தெருப் பக்கமே போகாதீங்க. எனக்குத் தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர் ஆப்பிளும் பத்தாயிரமும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தப்பை ஒத்துக்கிட்டுப் பணம் கொடுத்தார்னு அதையே மனுவுல எழுதிட்டாங்க. நாம செஞ்ச பொருளா? கம்பெனியைக் கேளுங்கன்னு வக்கீல் மூலமா ரெண்டு வரி பதில் போட்டு விடுங்க.

செங்கமலம்
சேலத்து அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அம்மாவுக்கு மிக்ஸி ஜார் பிளேடு கழன்று மூன்று விரலில் தையல் போட்டோம். பத்து வருஷமாகப் பழகிய கடை. போன் எடுக்கவில்லை, கோயில் வாசலில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதுவரை எங்களுக்கு வழக்குப் போடும் எண்ணமே இல்லை. அன்றைக்கு ராத்திரிதான் என் தம்பி வக்கீலைத் தேடினான்.

தஞ்சை வழக்கறிஞர்
கடைக்காரருக்கு: முதலில் குக்கரைத் திரும்ப வாங்கும் எண்ணத்தை விடுங்கள். சாட்சிப் பொருளை அப்புறப்படுத்தினீர்கள் என்று ஆகிவிடும்.

15 நாள் என்பது அவர்கள் வக்கீல் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. ஆனாலும் பதில் போடாமல் விடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து வரும் நோட்டீஸ்தான் கண்டிப்பானது. அதற்குப் பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வழக்கெல்லாம் போட மாட்டார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். அவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

‘கம்பெனியைக் கேளுங்கள்’ என்பது பாதி சரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ம் பிரிவுப்படி, தானே தயாரிக்காத விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக மாட்டார். ஆனால் தயாரித்தவர் யாரென்று காட்ட முடியாவிட்டால் பொறுப்பு அவர் தலையில்தான். நிறுவனம் தராத உத்தரவாதத்தைத் தன் வாயால் தந்திருந்தாலோ, எச்சரிக்கைக் குறிப்பைக் கொடுக்காமல் விட்டிருந்தாலோ, பொருளில் கைவைத்து மாற்றி அதனாலேயே காயம் பட்டிருந்தாலோ அப்படியேதான். டிஸ்ட்ரிபியூட்டர் பில்லைப் பத்திரமாக வையுங்கள். அவருக்கும் கம்பெனிக்கும் இன்றே ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். ஒரு கேள்வி: விற்ற பிறகு அந்தக் குக்கர் உங்கள் கைக்குத் திரும்ப வந்ததா?

குடந்தை பாத்திரக்கடை
வந்தது சார். ஆடி மாதம் விசில் வரவில்லை என்று கொண்டுவந்தார்கள். கம்பெனி கேஸ்கெட் ஸ்டாக் இல்லை. 60 ரூபாய்க்கு லோக்கல் கேஸ்கெட் போட்டுக் கொடுத்தேன். முதலில் இதை எழுத மனம் வரவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

சேலம் மொத்த வியாபாரி
அண்ணே, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க! 60 ரூபா சமாச்சாரத்துக்குப் பில்லா போட்டிருப்பீங்க? வெயிட் குழாயை அவங்க சுத்தம் பண்ணாமலே விட்டிருக்கலாம். தப்பா உபயோகிச்சா விற்பனையாளர் மேல வழக்கு நிக்காதுன்னு 87-ம் பிரிவே சொல்லுது.

குக்கர் மெக்கானிக்
இருபது வருஷமா இதே வேலை பார்க்கிறேன். வெளிமூடிக் குக்கர்ல மூடி விளிம்புல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். உள்ளே அழுத்தம் எல்லை மீறினா கேஸ்கெட் அந்த ஜன்னல் வழியா பிதுங்கி ஆவியை விட்டுடும். தடிமனா, விறைப்பா இருக்கிற லோக்கல் கேஸ்கெட் பிதுங்காது. ஆனா அதுக்கு முன்னாடி சேஃப்டி வால்வ்ல இருக்கிற ஈயம் மாதிரிப் பொருள் உருகி வழி விட்டிருக்கணும். அது உருகியிருக்கா? வெயிட் குழாய்க்குள்ள பருப்புத் தோல் அடைச்சிருக்கா? மூடியைப் பாத்திரத்தோட பூட்டுற காது வளைஞ்சிருக்கா? அழுத்தம் இறங்கும் முன்னாடி நெம்பித் திறந்தாலும் காது வளையும். இதையெல்லாம் பார்க்காம கேஸ்கெட்தான் காரணம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் யாரும் அதைக் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது.

செங்கமலம்
பில் இல்லையென்றால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா அண்ணே? அந்த அம்மா கையில் கொண்டுவந்து கொடுத்து, கையில் வாங்கிப் போனவர். அவர் மறந்திருப்பாரா?

தஞ்சை வழக்கறிஞர்
60 ரூபாய் ஜி-பேயில் வந்திருந்தால் அதுவே பில். பதிலுரையில் மறைத்து, பிறகு அது வெளியே வந்தால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் ஆணையம் நம்பாது. 87-ம் பிரிவைச் சொன்னால் மட்டும் போதாது, தவறான உபயோகம் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கும் அந்தக் குக்கர் அப்படியே இருக்க வேண்டும். ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.

சேலத்துக்காரர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் அவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களைக் கேட்காமல் பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் கையை விரித்துவிடுவார்கள். நோட்டீஸுக்கான பதிலில் ‘என் உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று எழுதச் சொல்லுங்கள். ஆனால் போய்ப் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வருத்தப்படுவது வேறு, ‘என்னால்தான் வெடித்தது’ என்று ஒத்துக்கொள்வது வேறு.

இன்னொன்று. 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. இல்லாத குக்கரை விற்கவே கூடாது. 2022-ல் பெரிய ஆன்லைன் தளங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காக ஒரு லட்சம் அபராதம் போட்டது. குக்கரில் பொறித்திருக்கும் லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். முத்திரை போலியாகக்கூட இருக்கலாம்.

குடந்தை பாத்திரக்கடை
நேற்று சாயங்காலம் நானும் மனைவியும் போனோம். கை முழுக்க வெள்ளை மருந்து தடவி, வாழையிலை மேல் நீட்டி வைத்திருந்தார்கள். அந்த அம்மா பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “கேஸ்கெட் போட்டுக் குடுத்தியே தம்பி, அதனாலயா?” என்றுதான் கேட்டார். “அதனாலயான்னு எனக்குத் தெரியலம்மா. மாத்தினது நான்தான்” என்றேன். மகன் கோபமாக இருந்தார், ஆனாலும் வெளியே போ என்று சொல்லவில்லை. குக்கரைத் துடைக்காமல் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, சாக்கில் போட்டுத் தைத்து, அரக்கு வைத்து, அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். அது அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

சேலம் மொத்த வியாபாரி
நானா இருந்தா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணே. இப்பவும் எனக்கு மனசு ஒப்பல. இன்சூரன்ஸ்காரங்களுக்காவது எழுதினீங்களா?

குடந்தை பாத்திரக்கடை
காலையிலேயே அனுப்பிவிட்டேன் தம்பி. லைசென்ஸ் எண்ணும் சரியாக இருக்கிறது. கம்பெனி ஆள் திங்கட்கிழமை வருகிறார், சாக்கைப் பிரிக்கும்போது அவர்கள் மகனும் கூட இருப்பார். கடையில் மிச்சமிருந்த 14 லோக்கல் கேஸ்கெட்டையும் தனியாகக் கட்டி வைத்துவிட்டேன். அதே கேஸ்கெட் போட்டுக்கொண்டு போனவர்கள் நோட்டில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஆறு பேருக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. மூன்று பேர் நம்பர் இல்லை, வீடு தெரியும். நாளைக்குப் போகிறேன்.