மறு: மறு: மறு: தோட்டக் குழு கேட்கும் 4 லட்சம்

அனைவருக்கும் வணக்கம், ஸலாம்.

ஊரில் மரம் நடும் தோட்டக் குழு செலவுப் பட்டியல் போட்டு, வெளியூரில் இருக்கும் நம்மிடம் 4 லட்சம் கேட்டதைப் பற்றி நான்கைந்து நாளாக வந்து குவிந்த மடல்களை நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். துபாய் காக்கா (அண்ணன்) ஊருணி விறகுக்கு ரசீது கேட்கிறார். கிள்ளான் மாமா, பக்கத்து ஊர்க்காரன் நுழைவு வளைவு கட்டிவிட்டான், நாம் மட்டும் மொட்டையாக நிற்பதா என்கிறார். இரண்டுக்கும் நடுவில் சின்னம்மா ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன விஷயத்துக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பொங்கலுக்கு முந்தின வாரம் கண்மாய்க் கரையில், குழு பனங்கொட்டை புதைத்த அதே இடத்தில், ஆட்கள் கடப்பாரையோடு நின்று கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுக் கட்டாக ரோட்டோரத்தில் விற்பனையும் நடந்திருக்கிறது. சின்னம்மாவே ஒரு கட்டு வாங்கி அவித்துத் தின்றிருக்கிறார், அதையும் மறைக்காமல் சொன்னார்.

தோண்டியவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆவணி, புரட்டாசியில் போட்ட கொட்டை தையில் கிழங்காகத்தான் இருக்கும். முளை முதலில் கீழேதான் போகும், மேலே ஒன்றும் தெரியாது. அதை விட்டுவைத்தால் பிறகு ஓலை எட்டிப் பார்க்கும். ஓலை விரிந்ததும் கிழங்கில் நார் ஏறிவிடும், அப்புறம் ஒரு பயலும் தொடமாட்டான். ஆகக் காவல் தேவைப்படுவது மார்கழியிலிருந்து மாசி, பங்குனி வரைதான். அதற்கு ஒரு ஆள் போதும். குழு அனுப்பிய பட்டியலில் முள்கம்பி வேலி இருக்கிறது, வளைவு இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. காவலாள் கூலி இல்லை.

அதே பட்டியலில் 'பனை விதை கொள்முதல்' என்று ஒரு வரி. நம் ஊரில் கொட்டைக்குக் காசா? பழம் விழும் காலத்தில் மரத்தடியில் கால் வைக்க இடம் இருக்காதே. அரசே 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை வழங்குவதாக அறிவித்தது. 'பனைக்குத் தண்ணீர் லாரி' என்று இன்னொரு வரி. பனைக்குத் தண்ணீர் ஊற்றியவனை ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் காட்ட முடியாது.

தண்ணீர் வேண்டியது பள்ளிக்கூடத்திலும் ஊருணிக் கரையிலும் வைத்த வேம்பு, புங்கன், பூவரசுக்கு. முதல் இரண்டு மூன்று கோடை தாண்டினால் அவை தானாகப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கடலோர போர்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெற்குத் தெருவில் போன கோடையில் கன்றுகள் கருகியது வெயிலால் மட்டும் இல்லை, உப்பாலும்தான். பூவரசுக்குக் கன்றே வாங்கவேண்டாம், மழைக்கு முன்னால் நல்ல கிளைப் போத்தாக வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும்.

இப்போது காக்காவின் கணக்கு. அவர் தொனி எனக்கும் பிடிக்கவில்லை, கேள்வி சரியானது. ஊருணியில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியது நல்ல வேலை, வெறுமனே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். ஆனால் அந்த விறகு கரிமூட்டத்துக்குப் போயிற்று. ஊருணிப் புறம்போக்கில் நின்ற மரம் குழுவின் சொத்து இல்லை. ஏலம் விட்டிருந்தால் பணம் ஊராட்சிக் கணக்கில் இருக்கவேண்டும். ஜேசிபி வாடகைக்குக் கழித்திருந்தால் அதற்கு ஒரு சீட்டாவது இருக்கவேண்டும். இதைக் கேட்டால் 'ஊரில் இருந்து உழைப்பவனை வெளிநாட்டுக்காரன் சந்தேகப்படுகிறான்' என்று பதில் வருகிறது. ஞாயிறுதோறும் மண்வெட்டி எடுக்கும் அந்தப் பிள்ளைகளை யாரும் சந்தேகப்படவில்லை.

மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம், இதையும் சொல்லியாகவேண்டும். உங்களிடம் இருப்பது மலேசியக் கடவுச்சீட்டு. நீங்கள் குழுவுக்கு அனுப்பும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) அனுமதி இல்லாமல் அவர்கள் வாங்கக் கூடாது. அனுமதி எடுத்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையில் கணக்குத் தொடங்கி, அதன் வழியாகத்தான் வாங்கவேண்டும். மருமகன் கணக்கில் போட்டு அங்கிருந்து கொடுப்பது சுற்றிவளைத்து அதே தப்புதான். வளைகுடாவில் இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. உண்டியலில் (ஹவாலாவில்) போடுகிறேன் என்று போன மாதம் எழுதியவர், தயவுசெய்து வேண்டாம்.

வளைவைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பேச்சு. ராஜசிங்கமங்கலம் கண்மாயை, அதன் பெரிய பரப்புக்காக, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இன்றும் சொல்கிறார்கள். எந்த வளைவைக் கட்டி அந்தப் பெயரை வாங்கினார்கள்? நம் குடிநீர் ஊருணியில் செருப்போடு இறங்கினால் பெரியாத்தா கம்பெடுத்து வருவார். குடத்தை மூழ்கவிடாமல் சாய்த்து மொள்ளச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். குழாயில் காவிரித் தண்ணீர் வந்த பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆளில்லை. ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் யார் வீட்டு மதிலுக்குள் போயிற்று என்று இங்கே எழுதமாட்டேன், எழுதினால் இந்த மடல் குழுவிலிருந்து மூன்று பேர் வெளியேறிவிடுவார்கள். ஆனால் வரத்துக்கால் திறக்காமல் ஊருணியைத் தூர்வாரினால் வெறும் பள்ளம்தான் கிடைக்கும்.

என் யோசனை இது. இப்போது 4 லட்சம் வேண்டாம். கன்றுகளுக்கு இந்தக் கோடைக்கு நல்ல தண்ணீர் ஊற்றும் செலவையும், வரும் மார்கழியிலிருந்து ஒரு காவலாள் கூலியையும் மட்டும் அனுப்புவோம். ஆடி மாதம் குழுவும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து கரையில் ஓலை விட்டு நிற்கும் பனையை எண்ணி எழுதட்டும். எத்தனை கொட்டை போட்டோம் என்ற போட்டோ எனக்கு வேண்டாம். விறகுச் சீட்டும் அந்த எண்ணிக்கையும் வந்த பிறகு மிச்சத்தைப் பேசலாம்.

வடக்குத் தெரு, இப்போது ரியாத்

பின்குறிப்பு: பெயர்ப்பலகையின் மாதிரியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழு நாற்றங்கால் போட்டிருக்கும் நிலம் யார் எழுதிக்கொடுத்தது என்று பத்திரத்தை எடுத்துப் பார்க்கவும். எங்கள் அப்பா பெயரை விட்டுவிட்டு, அந்த நிலத்துக்கு வழிவிட மறுத்தவர் பெயரை முதலில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பலகைக்கு என் பங்கில் ஒரு ரூபாயும் கிடையாது.