தொடக்க வகுப்பில் கண்ணாடி மணி: ரிலீஸ் உடைகிறது, மணி விரிசல் விடுகிறது. எங்கே தவறு?

மணிச்சரம்:
டார்ச்சில் கண்ணாடி மணி செய்யும் தொடக்க வகுப்பு. 3 மணி நேரம், 6 பேர், ஆளுக்கு ஒரு புரோப்பேன்-ஆக்சிஜன் டார்ச். 104 வகைக் கண்ணாடிக் குச்சிகள் (சூட்டில் கண்ணாடி விரியும் அளவைக் குறிக்கும் எண்), 2.4 மி.மீ. மாண்ட்ரல் (மணியைச் சுற்றும் கம்பி). பாதிப் பேருக்கு மணி முடிவதற்குள்ளேயே பீட் ரிலீஸ் (மணி கம்பியில் ஒட்டிப்போகாமலிருக்கக் கம்பியில் முக்கும் பூச்சு) உடைந்து, மணி கம்பியில் தானாகச் சுழல்கிறது. தேறியவற்றிலும் துளை வாய் விரலைக் கிழிக்கிறது. எல்லாவற்றையும் வெர்மிகுலைட்டில் (சூட்டைத் தாங்கும் கனிமத் துகள்) புதைத்து ஆறவைத்தோம். கழற்றும்போது நன்றாக இருந்தவை இரண்டாம் நாள் விரிசல் விட்டுவிட்டன. அடுத்த வகுப்பில் புள்ளி வைப்பதையும் சேர்க்க எண்ணம். எதை முதலில் சரிசெய்வது?

நீலச்சுடர்:
ரிலீஸிலிருந்து தொடங்குங்கள். புது மாண்ட்ரலில் எண்ணெய்ப் பசை இருக்கும். கழுவி, முனையை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகே ரிலீஸில் முக்க வேண்டும். 5–6 செ.மீ. முக்கினால் போதும். மேலே தூக்கும்போது ஒரே சீராக, நிறுத்தாமல் தூக்குங்கள். பாதியில் நின்றால் அங்கே வளையம்போல் தடித்துவிடும், அந்த இடம்தான் முதலில் பெயரும். முந்தின இரவே முக்கி, நிமிர்த்தி நட்டுவைத்து உலரவிடுங்கள். வகுப்பு நாளில் அவசரமாகத் தீயில் காட்டி உலர்த்தினால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி ரிலீஸைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

அப்படியும் உடைகிறதென்றால் மாணவரின் கையைப் பாருங்கள், குறிப்பாகக் குச்சியை மணியிலிருந்து பிரிக்கும் நொடியை. சுற்றி முடித்ததும் பதற்றத்தில் குச்சியை வெடுக்கென்று இழுப்பார்கள். அதற்குள் குச்சிக்கும் மணிக்கும் நடுவிலுள்ள கழுத்து தீக்கு வெளியே வந்து இறுகியிருக்கும். கம்பியை உருட்டும் கை உருட்டிக்கொண்டே இருக்கும், குச்சி மணியைப் பிடித்து நிறுத்தும். அந்த முறுக்கு முழுவதும் ரிலீஸில்தான் விழுகிறது. ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டால் கதை முடிந்தது. கழுத்து தீக்குள் இருக்கும்போதே குச்சியை மெல்ல விலக்கினால் அது நூலாக நீண்டு தானே எரிந்து அறுபடும்.

இன்னொன்று: கண்ணாடி தொடுமுன் ரிலீஸ் பூசிய இடம் மங்கலான செம்மஞ்சளாகத் தணலாட வேண்டும். கம்பி குளிர்ந்திருந்தால் கண்ணாடி பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று அழுத்துவார்கள், ரிலீஸ் உரிந்துவிடும். ஆரம்பத்திலேயே உடைந்தால் அந்த மாண்ட்ரலை வைத்துவிட்டு வேறு எடுக்கச் சொல்லுங்கள், போராட வேண்டாம்.

சூளைக்காவல்:
வெர்மிகுலைட் அனீலிங் (கண்ணாடியைச் சீரான சூட்டில் நிறுத்தி மெல்ல ஆறவைப்பது) அல்ல. அது மணி ஆறும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடியின் வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் பிறகு சுருங்கும்போது இழுவிசை உள்ளே தங்கிவிடும். இரண்டாம் நாளோ இரண்டாம் மாதமோ விரிசல் விடுவது அதனால்தான். 104 கண்ணாடிக்கு கில்ன் (சூளை) 510–520°C-ல் நிற்க வேண்டும். கடைசி மணி உள்ளே போன பிறகு ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, மணிக்கு 55°C வீதம் 425°C வரை இறக்கி, அப்புறம் அணைத்துக் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். 10–12 மி.மீ. மணிக்கு இது தாராளம்.

கில்னுக்குள் வைக்கும் நேரமும் முக்கியம். தணல் நிறத்தோடு வைத்தால் மணி தரையில் ஒட்டி வடுப்படும். ரொம்ப ஆறவிட்டால் வாசலிலேயே விரிசல். தீயின் பின்பகுதியில் சில நொடி சுழற்றி உள்ளும் புறமும் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு மேசையின் நிழலில் பிடித்து, சிவப்பு மறைந்ததும் உள்ளே வையுங்கள். உயிரோடு இருக்கும் பழைய மணிகளைக் குளிர்ந்த கில்னில் வைத்து மெதுவாகச் சூடேற்றி இதே முறையில் அனீல் செய்யலாம். விரிசல் கண்டவை எறியத்தான்.

கண்ணாடியில் வகை கலக்கக் கூடாது. 104 குச்சியோடு 90-ஓ 96-ஓ போரோசிலிகேட்டோ ஒரே மணியில் சேர்ந்தால், எந்த கில்னும் காப்பாற்றாது. சுருங்கும் அளவு வேறு வேறு. வகுப்பு அறையில் ஒரே வகைக் குச்சி மட்டும் இருக்கட்டும்.

கம்பிப்பதம்:
கூர்வாய்க்குக் காரணம் அகலம். மாணவர் கம்பியில் 10 மி.மீ. நீளத்துக்குக் கண்ணாடியைப் பரப்பிவிட்டு, அதற்கேற்ற கண்ணாடி ஏற்றாமல் நிறுத்துகிறார். ஓரம் மெல்லிய தகடாக இறுகி விளிம்பு கத்தியாகிறது. அடித்தடம் 5–6 மி.மீ. போதும், அதன்மேல் உயரமாக ஏற்றச் சொல்லுங்கள். 6 மி.மீ. குச்சியில் சுமார் ஒன்றேகால் செ.மீ. உருகினால் 10 மி.மீ. மணி கிடைக்கும். பிறகு சூட்டில் கண்ணாடி தானே நடுவை நோக்கித் திரளும், ஓரங்கள் உள்வாங்கிக் குழியும். இதற்கு மார்வர் (சூடான மணியை உருட்டி வடிவமைக்கும் தட்டு) தேவையே இல்லை. முதல் நாள் மார்வரை மேசையில் வைக்காதீர்கள், ரிலீஸ் உடைய அதுவும் ஒரு வழி.

புள்ளியைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உருண்டை வராத கைக்குப் புள்ளி எதற்கு? முதல் வகுப்பில் ஒரு நிறம், ஒரு வடிவம், ஆளுக்கு மூன்று நான்கு மணிகள். டார்ச் பற்றவைக்குமுன் பதினைந்து நிமிடம் வெறும் கம்பியும் குச்சியுமாக உருட்டப் பழக்குங்கள். மணிக்கட்டு அசையக் கூடாது, பெருவிரலும் ஆள்காட்டியும் மட்டும். பயந்தவர்கள் உருட்டுவதை நிறுத்துவார்கள், உடனே கண்ணாடி கீழே தொங்கும். ‘தொங்கினால் தீயை விட்டு வெளியே எடு, உருட்டுவதை மட்டும் நிறுத்தாதே’ என்பதைத்தான் நாள் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். 6 பேருக்கு ஒரு ஆசிரியர் போதாது. 4 பேராகக் குறையுங்கள், இல்லையென்றால் உதவிக்கு ஒருவரை வையுங்கள்.

நீலச்சுடர்:
புள்ளியைப் பொறுத்தவரை கம்பிப்பதம் கொஞ்சம் கறார். மூன்றாம் மணி உருண்டையாக வந்தவருக்கு ஒரே புள்ளி வைத்து முழுக்க உருக்கிப் பதிக்கக் கொடுக்கலாம், ஆர்வம் நிற்கும். மேலெழும்பி நிற்கும் புள்ளி வேண்டாம். அடியில் இடுக்கு இருந்தால் தெறித்துவிடும்.

மணிச்சரம்:
நன்றி. நிறம்? டர்க்காய்ஸும் ஐவரியும் வாங்கி வைத்திருக்கிறேன்.

சூளைக்காவல்:
இரண்டும் தனித்தனியே சரி, சேர்ந்தால் தொடும் கோட்டில் கருஞ்சாம்பல் வரி விழும். டர்க்காய்ஸில் உள்ள செம்பும் ஐவரியில் உள்ள கந்தகமும் வினைபுரிவதால் அப்படி. ஆக்சிஜன் குறைந்த தீயில் டர்க்காய்ஸ் தனியாகவே செம்பழுப்புத் தோல் போர்த்திக்கொள்ளும். ஒளி ஊடுருவாத வேறு நிறங்களைக் கொடுங்கள். தெளிந்த கண்ணாடியில் ஒவ்வொரு குமிழியும் தெரியும், புதியவர் சோர்ந்துபோவார்.

கம்பிப்பதம்:
விட்டுப்போனவை: குச்சியை நேரே நடுத்தீயில் நுழைக்கக் கூடாது, வெடித்துத் தெறிக்கும். தீயின் தொலைமுனையில் உள்ளே வெளியே என்று காட்டிச் சூடேற்றிய பிறகுதான் அருகே கொண்டுவர வேண்டும். ஆளுக்கொரு டிடிமியம் மூக்குக்கண்ணாடி, சோடியத்தின் மஞ்சள் ஒளி மறைந்தால்தான் மணியே தெரியும். பருத்தி உடை, கட்டிய முடி, மூடிய காலணி. பற்றவைக்கும்போது முதலில் புரோப்பேன், பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது ஆக்சிஜன் முதலில். விழும் கண்ணாடியைக் கையால் பிடிக்கப் போகாமலிருக்க முன்கூட்டியே சொல்லுங்கள், அனிச்சையாகக் கை நீளும். சுட்டால் 20 நிமிடம் ஓடும் நீரில் பிடிக்க வேண்டும். மணியைக் கழற்றுவதும் துளையைத் தேய்ப்பதும் தண்ணீருக்குள்ளேயே, உலர்ந்த ரிலீஸ் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது.