ஆமோஸ் பிரசங்கமும் ஆம்பூர் ஷிப்டும்

பாலாற்றங்கரை:
2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்கில் பெரும்பகுதிக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதே, அப்போது எங்கள் ஷூ கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோனது. அந்தச் சமயம் பார்த்து ஆயர் பிரசங்கத்துக்கு பைபிளில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்தார். எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்களே என்று கடவுள் கேட்கிற இடம். கேட்டுக்கொண்டிருந்ததோ ஷூ தைக்கிற சபை! ஆராதனை முடிந்ததும் ‘கோயிலில் அரசியல் எதுக்கு’ என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் ஆயர் பக்கம். நீங்கள்?

பேர்ணாம்பட்டு வாசி:
தம்பி, வரி போட்டது வாஷிங்டன். ஓனர் என்ன செய்வார்? எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய், கொலோசெயர் 3:23. ஜெபம் பண்ணுவோம், வேலையைப் பார்ப்போம். கோஷம் போட்டால் இருக்கிற ஆர்டரும் வேறு ஊருக்குப் போய்விடும்.

பாலாற்றங்கரை:
கொஞ்சம் தள்ளி 4:1 படியுங்கள் அண்ணே. வேலைக்காரருக்கு நீதியானதைச் செய்யச் சொல்லி எஜமான்களுக்கு எழுதியது. வசனக் காலண்டரில் அது மட்டும் ஏனோ கண்ணில் படுவதே இல்லை. ஆமோஸ் ஆடு மேய்த்து, காட்டத்திப்பழம் பொறுக்கினவர். இது ராஜாவின் கோயில், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள் என்றுதான் ஆசாரியன் அமத்சியா அவரையும் விரட்டினான்.

பேர்ணாம்பட்டு வாசி:
நான் அமத்சியாவா? சரி, இருக்கட்டும். என் வீட்டுக்காரி ஷூவின் மேல்பாகம், அதான் அப்பர், தைக்கிறாள். மாதம் பிறந்தால் குழுக் கடன் கட்டணும். ‘எதிர்த்துப் பேசுகிறவள்’ என்று பெயர் வந்தால் அடுத்த கம்பெனியிலும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஆயருக்கு அந்தப் பயம் கிடையாது.

வாணியம்பாடி பாய்:
நடுவில் ஒரு வார்த்தை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்பது நபிமொழி. கூலியைப் பாக்கி வைத்துவிட்டு ரமலானில் ஜகாத்தை வாரிக் கொடுத்தால் என் மனசு ஒப்பாது. கூலி என்பது கடன். அதை அடைத்துவிட்டு அப்புறம் தர்மம் பண்ணட்டும்.

ஆற்காட்டு விவசாயி:
கூலியைப் பேச இத்தனை பேர். எங்கள் கிணற்றைப் பேச யார்? தோல் கழிவுநீரால் பாலாறு கெட்டதற்குக் கெடுத்தவரே ஈடு கட்டணும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இயேசுவின் சீடர் பேதுரு யோப்பா ஊரில் தங்கினதும் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில்தான், ஆனால் அது கடலோரம், எங்கள் வயலோரம் இல்லை. ராத்திரியில் கழிவைத் திறந்துவிடுவது யார் என்று ஷிப்ட் ஆளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்து பாட்டுப் பாடுகிறார்.

பாலாற்றங்கரை:
ஐயா, அதைத் தனியாளாகச் சொன்னால் மறுநாளே வேலை போகும். பேர்ணாம்பட்டு அண்ணன் பயமும் அதுதான், நியாயமான பயம். அதனால்தான் சபையாகப் போய்க் கேட்கலாம் என்கிறேன், கிணற்றுக்கும் சேர்த்து. இன்னொன்று, மஸ்டர் ரோலில், அதாவது கம்பெனியின் ஆள் பதிவேட்டில், பெயர் இருந்து ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரை வேலை இல்லை என்று தற்காலிகமாக லே-ஆஃபில் அனுப்பினால், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தரணும் என்பது 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளுக்குச் சட்டம். அதைக் கேட்பது கலகமா?

பேர்ணாம்பட்டு வாசி:
ஒரு வருஷம் ஆனவர்களுக்குச் சரி. காண்ட்ராக்டில் வருகிற பிள்ளைகளுக்கு? மஸ்டர் ரோலில் பெயரே இல்லாதவர்கள். அவர்களுக்காகவும் ஆயர் கம்பெனிக்குப் போய்ப் பேசுவார் என்றால் நானும் கூட வருகிறேன். எந்தக் கிழமை என்று கேட்டுச் சொல்.